செர்மாற் மலைச் சுற்றுலா: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

பேர்ண்

மதிப்புக்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். நமது தமிழ்ப் பாடசாலையின் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகள், வரும் ஆகஸ்ட் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையன்று, சுவிற்சர்லாந்தின் வாலிஸ் மாநிலத்திலுள்ள செர்மாற் ஊருக்கும் அதற்கு மேலே 3,089 மீற்றர் உயரத்திலுள்ள கோர்னர்கிராற் முகட்டுக்கும் ஒருநாள் சுற்றுலா செல்கிறார்கள். பெற்றோரும் உடன் வரலாம். அம்மம்மா, அப்பப்பா போன்ற மூத்தோர் வருவதும் எங்களுக்கு மகிழ்ச்சியே; ஆனால் அவர்களுக்கென்று கீழே எழுதியிருப்பதை முதலில் வாசித்துவிட்டு முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இக்கடிதம் வழக்கத்தைவிட நீளமானது. அதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு யூன் மாதத்தில் வேறொரு மலைக்குப் போனபோது நான் அரைப்பக்க அறிவித்தல் ஒன்றைத்தான் கொடுத்தனுப்பினேன். "தகுந்த உடையுடன் வரவும்" என்று மட்டுமே அதில் எழுதியிருந்தேன். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருவன் துணிச் சப்பாத்துடன் வந்திருந்தான். மேலே பாதையோரத்தில் பழைய பனி இன்னும் உருகிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்குள் அவனது காலுறை பிழிந்தால் நீர் வடியுமளவுக்கு நனைந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் நடக்கப் போன ஒரு மணி நேரமும் அவன் நிலையத்து வாங்கில் அமர்ந்திருந்தான். நான் அவனுடைய விறைத்த பாதங்களை என் கழுத்துச் சால்வையால் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை, ஏனெனில் எத்தகைய சப்பாத்து வேண்டுமென்று நான் எழுதவில்லை. இம்முறை எழுதுகிறேன்.

அடிப்பாகம் தடித்த, பள்ளங்கள் ஆழமாக வெட்டப்பட்ட, நீர் புகாத சப்பாத்து வேண்டும். கணுக்காலை மூடுமாயின் இன்னும் நல்லது. புதிதாக வாங்குபவர்கள் இப்போதே வாங்கி, பிள்ளையை வீட்டைச் சுற்றி நான்கைந்து நாட்களேனும் போட்டு நடக்கவிடுங்கள், இல்லாவிட்டால் மலையில் குதிக்கால் கொப்புளித்துவிடும். கம்பளிக் காலுறை இரண்டு சோடி தேவை. ஒன்று காலில், மற்றையது பையில்.

உடையைப் பொறுத்தவரை ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு 100 மீற்றர் ஏறும்போதும் வெப்பநிலை சராசரியாக 0.6 பாகை குறைகிறது. பேர்ண் நகரம் ஏறத்தாழ 540 மீற்றர் உயரத்தில் உள்ளது. கோர்னர்கிராற் அதைவிட 2,500 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. ஆகவே இங்கே 25 பாகை வெயில் அடிக்கும் நாளில் அங்கே 10 பாகையளவே இருக்கும், காற்று வீசினால் உடலுக்கு அதனினும் குறைவாகவே தெரியும். ஒரேயொரு தடித்த குளிரங்கியை மாட்டிவிடுவதைக் காட்டிலும், மெல்லிய உள்ளாடை, அதன்மேல் ஒரு கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜக்கெற் என்று அடுக்கடுக்காக உடுத்தி அனுப்புங்கள். நடக்கும்போது வியர்த்தால் ஒன்றைக் கழற்றவும், நின்றவுடன் மீண்டும் போட்டுக்கொள்ளவும் பிள்ளையால் முடியும். தொப்பியும் மெல்லிய கையுறையும் ஆகஸ்ட் மாதத்திலும் தேவைப்படும்.

வெயிலைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. நமது தோல் கறுப்பு, ஊர் வெயிலிலேயே வளர்ந்தவர்கள் நாம், இந்த வெயில் என்ன செய்துவிடும் என்று பல பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் புறஊதாக் கதிரின் வலிமை ஏறத்தாழ பத்து வீதம் கூடுகிறது. புதிய பனி அக்கதிரின் பெரும்பகுதியைத் திருப்பி முகத்திலேயே அடிக்கிறது. தோல் தாங்கினாலும் கண் தாங்காது. ஆகவே கறுப்புக் கண்ணாடி, வெயில் தடுப்புக் களிம்பு, உதட்டுக் களிம்பு ஆகிய மூன்றும் ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் கட்டாயம் இருக்க வேண்டும்.

இனி உயரம். 3,000 மீற்றரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 வீதமாகக் குறைந்துவிடுகிறது, அதற்கேற்ப ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனும் குறைகிறது. பிள்ளைகளுக்கு இதை விளக்க ஓர் உருளைக்கிழங்குப் பொரியல் பைக்கற்றே போதும்: பேர்ணில் தளர்ந்திருந்த பை, மேலே போனதும் பலூன்போல் உப்பி இறுகி நிற்கும். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பையைத் திறக்காமல் மேலே வரை கொண்டுவரும்படி ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். நலமாக இருப்பவர்களுக்கு இந்த உயரத்தில் சற்று மூச்சு வாங்குவதும் இலேசான தலைவலியும் இயல்பே. மெதுவாக நடந்து, அடிக்கடி நீர் குடித்தால் போதும். ஆனால் தலைவலி கடுமையானால், குமட்டினால், தலை சுற்றினால், பொறுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. அதற்கு மருந்து கீழே இறங்குவதுதான். அடுத்த தொடருந்தில் 2,582 மீற்றர் உயரத்திலுள்ள றிஃபெல்பேர்க் நிலையத்துக்கு இறங்கினாலே பெரும்பாலும் தெளிவு தெரியும். அப்போதும் தெளியாவிட்டால் செர்மாற் வரை இறங்க வேண்டும். இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், கைக்குழந்தை வைத்திருப்போரும் குடும்ப வைத்தியரைக் கேட்டபின்பே மேலே வரவேண்டும். வர இயலாத மூத்தோர் ஏறத்தாழ 1,600 மீற்றரில் இருக்கும் செர்மாற் ஊரிலேயே தங்கலாம். அங்கிருந்தே, வானம் தெளிந்திருந்தால், 4,478 மீற்றர் உயரமுள்ள மற்றர்ஹோர்ன் மலை முழு உருவில் தெரியும். அவர்களுடன் ஓர் ஆசிரியை நாள் முழுவதும் இருப்பார்.

சனிக்கிழமை காலை 6.30 மணிக்குப் பேர்ண் நிலையத்தின் சந்திப்பு இடத்தில் கூடுகிறோம். தொடருந்து எவருக்காகவும் நிற்காது; வீஸ்ப் நிலையத்தில் மாறுவதற்கும் சில நிமிடங்களே உண்டு. 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, 34.6 கிலோமீற்றர் நீளமான லொட்ஸ்பேர்க் அடிச்சுரங்கத்தின் வழியே வீஸ்ப் சென்று, அங்கிருந்து ஒடுங்கிய பாதையில் ஏறத்தாழ 70 நிமிடங்கள் பள்ளத்தாக்கில் ஏறிச் செல்ல வேண்டும். சுரங்கத்துள் காது அடைக்கலாம்; இனிப்பு ஒன்றைக் கொடுத்து விழுங்கச் செய்தால் சரியாகிவிடும்.

காரில் வர விரும்புவோர், செர்மாற் ஊருக்குள் பெற்றோல், டீசல் வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்பதை அறிந்திருக்க வேண்டும். ஐந்து கிலோமீற்றர் கீழேயுள்ள ரேஷ் என்னும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு, 12 நிமிடத் தொடருந்தில் வரவேண்டும். அந்த ஊர் வீதிகளில் சிறிய மின்வாகனங்களே ஓடுகின்றன. வாகனமே இல்லாத ஊர் என்று எண்ணிப் பிள்ளையின் கையை விட்டுவிடாதீர்கள். அவை சத்தமின்றிப் பின்னால் வந்து நிற்கும், ஒடுங்கிய வீதியில் நடைபாதையும் எங்கும் இராது.

கோர்னர்கிராற் பற்சக்கரத் தொடருந்து 1898ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது. மேலே செல்ல 33 நிமிடங்கள். ஏறும்போது வலப்பக்க இருக்கைகளில் சிறிய பிள்ளைகளை அமர்த்துங்கள், மற்றர்ஹோர்ன் அந்தப் பக்கமே தெரியும். அரைக்கட்டண அட்டை உள்ளோருக்கு இதில் பாதிக் கட்டணம் என்பதால், உங்களிடமும் பிள்ளையிடமும் எந்த அட்டை இருக்கிறதென்பதைப் படிவத்தில் தவறாமல் குறிப்பிடுங்கள். குழுச் சீட்டைப் பாடசாலையே வாங்கும். முகட்டில் முகில் மூடியிருந்தாலும் சீட்டு விற்பார்கள், பணம் மலிவானதல்ல. ஆகவே காலையில் வீஸ்ப் சேரும்போதே முகட்டு நேரலைக் கமராவை நான் பார்த்து முடிவு சொல்வேன். மலை மூடியிருந்தால் ஊரிலேயே தங்கி அருங்காட்சியகம் போவோம். குடும்பமாகத் தனியே போகும்போதும் இதே வழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். கோடையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலேயே வருவதால், காலையில் ஏறிவிடுவதே நலம்.

முகட்டிலிருந்து ஒரு நிலையம் இறங்கி, றொட்டன்போடனில் இருந்து றிஃபெல்சே என்னும் சிறு ஏரிக்கு நடப்போம். காற்றில்லாத காலையில் மற்றர்ஹோர்ன் அந்த நீரில் தலைகீழாக நிற்கும். அங்கே உணவருந்தியபின், ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடந்து றிஃபெல்பேர்க் இறங்குவோம். வெள்ளை, சிவப்பு, வெள்ளை நிறம் தீட்டிய குறிகள் மலைப்பாதையைக் காட்டுபவை. மஞ்சள் பலகைகளில் எழுதியிருக்கும் நேரம் ஓய்வின்றி நடப்பதற்கான நேரம், பிள்ளைகளுடன் போகும்போது அதைவிடக் கூடுதலாகவே எடுக்கும். பாதையை விட்டு எவரும் விலகக் கூடாது. கன்றுடன் நிற்கும் பசுவுக்கு அருகே செல்வது, அது எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும், ஆபத்தானது.

உணவைக் கையிலேயே கொண்டுவாருங்கள். இடியப்பமும் புட்டும் குளிரில் விறைத்து உதிர்ந்துவிடும். சம்பல் வைத்த பாண், அவித்த முட்டை, வாழைப்பழம், சுடுநீர்ப் போத்தலில் இஞ்சித் தேநீர் ஆகியவை நன்று. குப்பை யாவும் பையில் திரும்பி வரவேண்டும்.

அவசர எண் ஒன்றைக் கைத்தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். சுவிற்சர்லாந்தின் ஏனைய மலைகளில் உலங்குவானூர்தி மீட்புக்கு 1414 என்று நாம் படித்திருக்கிறோம். வாலிஸ் மாநிலத்தில் அதற்கு 144ஐயே அழைக்க வேண்டும்.

இச்சுற்றுலாவின் பின் குடும்பத்துடன் மீண்டும் போக விரும்புவோருக்கு இரண்டு செய்திகள். 2023ஆம் ஆண்டு முதல் செர்மாற்றில் இருந்து கேபிள் கார் வழியாகவே இத்தாலிக்குள் இறங்க முடிகிறது. மேலே எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது நாட்டின் எல்லைதான். F அனுமதிப்பத்திரம் (தற்காலிகமாகத் தங்க அனுமதிக்கப்பட்டோருக்கானது) உள்ளவர்கள் மீள்வருகை விசா இன்றி அதைக் கடக்கவே கூடாது. மற்றையது, குளிர்காலத்தில் போவோர் நாளாந்தம் எடுக்கும் மருந்தை மேலதிகமாக ஒரு வாரத்துக்கேனும் கொண்டுசெல்லுங்கள். 2018 ஜனவரியில் பனிச்சரிவு அபாயத்தால் வீதியும் தொடருந்தும் மூடப்பட்டு, ஏறத்தாழ 13,000 பயணிகள் அந்த ஊரிலேயே அடைபட்டிருந்தார்கள்.

பிற்பகலில் ஊரின் அருங்காட்சியகத்தில் ஓர் அறுந்த கயிற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். 1865 யூலை 14 அன்று மற்றர்ஹோர்ன் உச்சியை முதன்முதலில் தொட்ட எழுவரில், இறங்கும் வழியில் நால்வர் வீழ்ந்து இறந்தனர். அவர்களைப் பிணைத்திருந்த கயிறு அது. சிறுவிரல் தடிப்பும் இல்லாத அந்தக் கயிற்றைப் பிள்ளைகள் அருகில் நின்று பார்க்க வேண்டுமென்று விரும்புகிறேன். இரவு 7.30 மணியளவில் பேர்ண் திரும்புவோம்.

ஒப்புதல் படிவத்தில் பிள்ளையின் ஒவ்வாமை, மருந்து, காப்புறுதி இலக்கம் ஆகியவற்றை நிரப்பி, அடுத்த சனிக்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். மலைச் சப்பாத்து வாங்குவது இப்போது சிரமம் என்றிருக்கும் பெற்றோர் தயங்காமல் என்னிடம் தனியே சொல்லுங்கள். பழைய மாணவர்கள் தந்த சில சோடிகளைத் துடைத்து, புது நாடா கோத்து, அலுவலக அலுமாரியில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பிள்ளையை, தடித்த காலுறையுடன், அளவு பார்க்க அழைத்துவாருங்கள்.

இங்ஙனம்,
அன்புடன்,
தலைமையாசிரியர்