நோகுது என்று சொல்லப் பழக்கு

தம்பி,

நேற்று நீ எடுத்தபோது முற்றத்துக்கு அப்பால் நெல் வெட்டு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, பாதிக் கதை காதில் விழவில்லை. மாசி என்றால் முத்தையன்கட்டுப் பக்கம் இப்படித்தான் என்பது உனக்குத் தெரியாததா. ஆனாலும் இரண்டு விசயம் நன்றாகக் கேட்டது. உன் சின்னவளின் இடுப்பு ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது, இஸ்குரு சரியான இடத்தில் இறங்கியிருக்கிறது என்று டொக்டர் சொன்னது ஒன்று. "அம்மா, அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, என்னைப் போலவே" என்று நீ பெருமையாகச் சொன்னது மற்றது. முதலாவதைக் கேட்டு முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். இரண்டாவதுக்காகத்தான் இதை எழுதுகிறேன், போனில் சொன்னால் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று வைத்துவிடுவாய்.

நீ அழாத பிள்ளை இல்லை ராசா. 1994இல், வற்றாப்பளைப் பொங்கல் முடிந்து பாலைப்பழக் காலம், ஒன்பது வயதில் மரத்தால் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டு வந்தாய். சண்டையும் பொருளாதாரத் தடையுமான காலம், பெற்றோல் கிடையாது, மருந்தும் எண்ணி எண்ணித்தான். அப்பா ஒரு பலகையை வைத்துச் சாரத்தால் காலைக் கட்டி, மண்ணெண்ணெயில் ஓடின லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி உன்னைக் கிடத்திக் கொண்டுபோனார், றோட்டில் இருந்த ஒவ்வொரு குழிக்கும் நீ கத்தின கத்து எனக்கு இன்னும் கேட்கும். ஆஸ்பத்திரியில் கட்டில் கால்மாட்டில் கப்பி போட்டு மணல் பையைத் தொங்கவிட்டு வாரக்கணக்கில் காலை இழுத்து வைத்திருந்தார்கள், அதற்குப் பிறகு இடுப்பிலிருந்து பாதம் வரை பிளாஸ்டர். தொடக்கத்தில் இரவு முழுக்க அழுவாய். ஒருநாள் பெரிய மாமா வந்து, பாவம் நல்ல மனிசன், உன்னைத் தேற்றுவதாக நினைத்து "ஆம்பிளைப் பிள்ளை அழலாமோ" என்று கேட்டு வாட்டில் எல்லாரையும் சிரிக்க வைத்தார். அன்றையோடு நீ வாயை மூடிக்கொண்டாய். எல்லாரும் உன்னைக் கெட்டிக்காரன் என்றார்கள்.

அதன் மிச்சத்தை நீ உன் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை போலிருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு பிளாஸ்டர் குதிக்காலில் அழுத்தத் தொடங்கியிருக்கிறது, நீ ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. மணம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வெட்டித் திறந்து பார்த்தால் குதிக்கால் புண். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு "சொன்னால் மாமா சிரிப்பார்" என்றாய். எலும்பு பொருந்தின பிறகும் அந்தப் புண் ஆற எவ்வளவு நாள் இழுத்தது, தழும்பு இன்னும் காலில் இருக்கிறதுதானே, அதைச் சின்னவளுக்குக் காட்டு. நீ அழாத கதையை விட அந்தக் கதைதான் அவளுக்கு இப்போது உதவும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருக்கும் உன் மச்சாளிடம் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்கம் கேட்டேன். தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கும் கழுத்துக்கும் நடுவே வளர்ச்சித் தகடு என்று ஒன்று இருக்கிறதாம், வளரும் வயதில் அது இன்னும் இறுகாத குருத்து. பிள்ளை கிடுகிடென்று வளரும் பத்துப் பன்னிரண்டு வயதில் அந்த இடம் தளர்ந்து, சும்மாட்டை விட்டுக் குடம் சரிவது போல உருண்டை சரிகிறது. அதைத் திருப்பி ஏற்றப் போவதில்லை, இருக்கிற இடத்திலேயே இன்னும் சரியாமல் ஒரு இஸ்குருவால் இறுக்கி வைக்கிறார்கள். சரி, இது உனக்கு டொக்டர் சொல்லியிருப்பார். மச்சாள் சொன்ன அடுத்ததுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு பக்கம் சரிந்த பிள்ளைகளில் ஐந்தில் ஒன்றுக்காவது மற்றப் பக்கமும் சரியலாம், கூடுதலாக ஒன்றரை வருடத்துக்குள். அது சரியத் தொடங்குவதை முதலில் அறியப் போவது டொக்டரும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை, அவள்தான். இடுப்பில், கவட்டில், தொடையில், ஏன் முழங்காலில்கூட ஒரு சின்ன நோ வந்தால் அவள் வாய் திறந்து சொல்ல வேண்டும். அழாத பிள்ளை என்று நீ இப்போது தூக்கி வைத்துக் கொண்டாடினால் அன்றைக்கு அவள் வாயைத் திறப்பாளா? நீயே சொல்.

முழங்கால் என்றதும் ஞாபகம் வந்தது. மாதக்கணக்கில் முழங்கால் நோகுது என்று அவள் சொல்லியும் முழங்காலை மட்டும் படமெடுத்துப் பார்த்து "வளர்கிற வயது நோ" என்று அனுப்பிவிட்டார்களே என்று நீ அன்றைக்குப் பொருமினாய், உன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டாய். இடுப்பு மூட்டுக்குப் போகிற நரம்பு முழங்காலுக்கும் போவதால் இடுப்பில் உள்ள கோளாறு முழங்காலில் நோவாகக் காட்டும் என்று மச்சாள் சொன்னாள், படித்தவர்களுக்கே தப்பிப் போகிற விசயமாம். உனக்கு எப்படித் தெரியும்? அதை விடு. ஆனால் ஒன்று பார், அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், அதனால்தான் கடைசியில் பிடிபட்டது. சொன்னதுக்காக அவளை மெச்சு, அழாததுக்காக மெச்சாதே.

இனி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு. முதல் சில நாளைக்கு நோ மாத்திரையை டொக்டர் எழுதின நேரத்துக்கே கொடு, "நோகாவிட்டால் எதற்கு" என்று பிற்போடாதே, நோ ஏறின பிறகு இறக்குவது பெரிய பாடு. இரவில்தான் கூட நோகும், பயமும் இரவில்தான் வரும், ஆரேனும் ஒருவர் பக்கத்தில் படுங்கள். பலமான நோ மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும், இதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, பிள்ளை வெட்கத்தில் நாலு நாள் அடக்கிக்கொண்டு கிடக்கும். பப்பாசி கொடு, தண்ணீர் கொடு, அங்கே தமிழ்க் கடையில் முருங்கையிலை கிடைத்தால் சுண்டிக் கொடு, சரிவராவிட்டால் டொக்டரிடம் கேள். ஆட்டுக்கால் சூப்பு வைக்கச் சொல்லிச் சொந்தக்காரர் எல்லாரும் எடுப்பார்கள், வை, தப்பில்லை. ஆனால் எண்ணெய் பூசி உருவச் சொல்வார்கள், முறிவுக்கு வைத்துக் கட்டுகிற ஒட்டகப்புலத்துப் புக்கையைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு முறிவு நெரிவு வைத்தியத்தில் வெறுப்பு ஒன்றும் இல்லை, என் மணிக்கட்டு நெரிவுக்கு நானே கட்டியிருக்கிறேன், ஆனால் இஸ்குரு போட்ட இடுப்பில் ஒருவரும் கை வைக்கக் கூடாது. காய்ச்சல் வந்தாலோ, காயம் சிவந்து நீர் கசிந்தாலோ, மாத்திரைக்கும் அடங்காத நோ என்றாலோ விடியட்டும் என்று பார்க்காதே, உடனே கொண்டு ஓடு.

குளிப்பு, கக்கூசு எல்லாம் மருமகள் பார்க்கட்டும், நீ தள்ளி நில். பதினொரு வயது. இந்தக் கிடையிலேயே பெரிய பிள்ளை ஆனாலும் ஆவாள், அதற்கும் மருமகள் ஆயத்தமாக இருக்கட்டும், பிள்ளைக்கும் சொல்லி வைக்கட்டும். (சாமத்திய வீட்டுக்கு மண்டபம் பார்க்கிற கதையெல்லாம் ஒருவரும் இப்போது எடுக்க வேண்டாம், உன் மாமியாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

உடம்பு பருத்த பிள்ளைகளுக்கு இது கூட வரும் என்பது உண்மைதான், மச்சாளும் சொன்னாள். மெலிந்த பிள்ளைகளுக்கும் வருகிறது, தைரொயிட் குறைவாலும் சிலருக்கு வருமாம், அதைச் சோதித்தார்களா என்று கேட்டுப் பார். நிறையைப் பற்றி டொக்டர் ஏதும் சொன்னால் வீட்டுச் சமையலை எல்லாருக்குமாக மாற்றுங்கள், அவள் கோப்பையை மட்டும் பார்க்காதீர்கள். பார்க்க வருகிற சனத்தில் ஒன்று கட்டாயம் "தின்று தின்று வந்த வருத்தம்" என்று அவள் காதுபடச் சொல்லும். அப்படிச் சொன்னவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்காமல் அனுப்பு, நான் சொன்னதாகச் சொல்.

ஊன்றுகோலோடு பள்ளிக்கூடம் போக வெட்கப்படுகிறாள் என்றாயே. அதற்கு நான் முன்வீட்டு அண்ணையைக் கேட்டேன், ஊன்றுகோலைப் பற்றி எங்கள் ஒழுங்கையில் அவரை விடத் தெரிந்தவர் இல்லை. 2009 சண்டையில் கால் போய், புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றப்பட்டவர், இப்போது செயற்கைக் காலோடு வயலுக்குப் போய்வருகிறார். அவர் சொன்னது: பாரத்தைக் கையில் கொடுக்க வேண்டும், கமக்கட்டில் தொங்கக் கூடாது, தொங்கினால் நரம்பு நசிந்து கை விறைக்கும். படி ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஊன்றுகோலும் வருத்தக் காலும் முன்னால். அடியில் உள்ள றப்பர் தேய்ந்திருக்கிறதா என்று கிழமைக்கு ஒருக்கால் பார்க்க வேண்டும், ஈரத் தரையில் அது வழுக்கிவிடும். பனியைப் பற்றி அவருக்குத் தெரியாது, ஆனால் கனடாவில் உங்கள் ஸ்காபரோவில் இந்த மாதம் வாசல் எப்படி இருக்கும் என்று நீயே எனக்குக் காட்டியிருக்கிறாய், உப்புத் தூவாமல் அவளை வெளியே இறக்காதே. ஆறு கிழமையோ எவ்வளவோ, அந்தக் காலில் எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்பதை டொக்டரும் பிசியோவும் சொல்லட்டும், நீ அவள் கெஞ்சுவதைப் பார்த்து இளகவும் வேண்டாம், ஊன்றுகோலை விடச் சொன்ன பிறகு பயந்து தூக்கித் திரியவும் வேண்டாம்.

அண்ணை இன்னொன்றும் சொன்னார், சின்னவளிடம் சொல்லச் சொன்னார். இல்லாத காலின் பெருவிரல் அவருக்கு இன்னும் இரவில் நோகுமாம், கன காலமாக ஒருவரிடமும் சொல்லவில்லை, விசர் என்பார்கள் என்று பயந்தாராம். பிறகு கிளினிக்கில் சொன்னபோதுதான் அது கால் இழந்தவர்களில் கனபேருக்கு இருக்கிற நோ, அதற்கும் மருந்து இருக்கிறது என்று தெரிந்ததாம். எங்கள் ஒழுங்கையில் ஊன்றுகோலோடு ஒருவர் போனால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது, உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத்தான் அது புதினம், இரண்டு நாளில் பழகிவிடும் என்று அவளிடம் சொல்.

மற்றக் காலைப் பற்றி அவளிடம் மறைக்கலாமா என்று நீ யோசிப்பாய். மறைக்காதே. "மற்றப் பக்கமும் இப்படி வரலாம், வராமலும் போகலாம், வந்தால் முதலில் உனக்குத்தான் தெரியும், சின்ன நோ என்றாலும் எங்களை எழுப்பு, நாங்கள் ஏச மாட்டோம்" என்று அவ்வளவும் சொல். அவளுக்கு விளங்கும். கிளினிக் நாள் ஒன்றையும் விடாதே, அவள் ஓடித் திரிகிறாள் என்றாலும் விடாதே. இஸ்குரு போட்ட பக்கத்திலும் எலும்புத் தலைக்கு இரத்தம் போவது குறைந்து பின்னால் பழுதாகலாம், அது வெளியில் தெரியாதாம், படத்தில்தான் தெரியுமாம். தேங்காய் அடிப்பது என் வேலை, கிளினிக் உன் வேலை. அதற்கென்று காசு அனுப்ப வேண்டாம், முற்றத்தில் காய்க்கிறது.

சனிக்கிழமை அவளையே எடுக்கச் சொல், நீ பக்கத்தில் நின்று அவளுக்காகப் பதில் சொல்ல வேண்டாம். எனக்கு அவளிடம் நேரே கேட்க இருக்கிறது. மாத்திரைப் பேர்களும் நேரமும் எழுதின காகிதத்தையும் படமெடுத்து அனுப்பு, மச்சாள் பார்க்க வேண்டும் என்கிறாள்.

அம்மா
ஒட்டுசுட்டான்