மார்பில் குண்டு வாங்கியவருக்கு ஆறடி மண் கொடுங்கள்

பெல்ஜியத்தின் வாட்டர்லூ போர்க்களத்தில் உள்ள சிங்க மேட்டையும் அதன் பக்கத்தில் உள்ள நிலவறை அருங்காட்சியகத்தையும் நிர்வகிக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். யாரைப் பற்றி எழுதுகிறேன் என்பது உங்களுக்கு உடனே விளங்கும். 2012-இல் மேட்டுக்கு அருகே வாகன நிறுத்துமிடத்துக்காகத் தோண்டியபோது கிடைத்த சிப்பாய். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரின் இருநூறாம் ஆண்டான 2015-இல் அருங்காட்சியகத்தைத் திறந்தபோது அவரைக் கண்ணாடிக்குள் கிடத்தினீர்கள். அவரை வெளியே எடுத்து அடக்கம் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இந்தக் கோடையில் அங்கே வந்திருந்தேன். ஓர் இளைஞர் அந்த எலும்புகளுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து, இரண்டு விரலை உயர்த்தி, செல்ஃபி எடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. காட்சிப்பொருளாக வைத்ததைக் காட்சிப்பொருளாகப் பார்த்தார். வைத்தவர்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

தோண்டி எடுத்தபோது அவருடைய விலா எலும்புகளுக்கு இடையே துப்பாக்கிக் குண்டு அப்படியே இருந்தது. கூடவே ஒரு கரண்டி, கொஞ்சம் நாணயங்கள். முதுகெலும்பு வளைந்திருந்தது. அந்த முதுகில்தான் மூட்டையைச் சுமந்து அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார். ஜெர்மானியப் பகுதியான ஹனோவர் நாட்டவர், பிரித்தானிய மன்னரின் ஜெர்மன் படைப்பிரிவில் இருந்தவர் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சம்பளக் காசைச் செலவழிக்கக்கூட நேரமில்லாமல் செத்தவர்.

இதே களத்தில் இன்னொருவருக்கும் குண்டு பட்டது. 1815 ஜூன் 18 அன்று நெதர்லாந்தின் பட்டத்து இளவரசரான ஆரஞ்சு இளவரசருக்குத் தோளில் காயம். பிழைத்தார், பிறகு நெதர்லாந்தின் அரசராகவும் ஆனார். அவர் காயம்பட்ட இடத்தைக் காட்டத்தான் அவருடைய தந்தையும் அப்போதைய நெதர்லாந்து அரசருமான முதலாம் வில்லியம் இந்த மேட்டையே எழுப்பச் சொன்னார். 1826-இல் முடிந்தது. நாற்பது மீட்டருக்கும் மேல் உயரம், 226 படிகள், உச்சியில் 28 டன் வார்ப்பிரும்புச் சிங்கம். லீஜ் பகுதிப் பெண்கள் முதுகுக்கூடையில் மண் சுமந்தார்கள். படைவீரர்கள் நின்று செத்த முகட்டையே சுரண்டி எடுத்த மண் அது. தோள் காயத்துக்கு ஒரு மலை. மார்பில் வாங்கிய குண்டுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. இதை எப்படி நியாயம் என்று நினைக்கிறீர்கள்?

மாணவர்கள் வரலாறு படிக்க வேண்டும் என்பீர்கள். தாராளமாகப் படிக்கட்டும். எலும்புக்கூட்டின் அச்செடுத்த நகல் ஒன்றை வையுங்கள், குண்டையும் கரண்டியையும் வையுங்கள், விளக்கிச் சொல்லுங்கள். அதற்கு அவருடைய உடம்பு வேண்டியதில்லை. உயிரோடு இருந்தவரை படைக்கு உழைத்தார், செத்த பிறகும் நுழைவுச்சீட்டு வாங்கியவர்களுக்கு உழைக்க வேண்டுமா?

அந்தப் போரில் மாண்டவர்கள் ஆயிரக்கணக்கில். ஆனால் முழு எலும்புக்கூடாகக் கிடைத்தவர்கள் மிகச் சிலரே. குழிகளைத் தோண்டி எலும்புகளை விற்றார்கள், அவற்றைக் கரியாக்கிச் சர்க்கரை ஆலைகளில் சர்க்கரையைச் சுத்தப்படுத்தப் பயன்படுத்தினார்கள் என்று 2022-இல் ஆய்வாளர்கள் சொன்னதை நீங்களும் படித்திருப்பீர்கள். எந்தத் தாய்க்கும் செய்தி போகவில்லை, எந்தக் குழிக்கும் பெயர் இல்லை. போர்களை எல்லாம் தளபதிகளின் பெயரால்தான் நினைவு வைத்திருக்கிறோம். களவு போகாமல் மண்ணுக்குள் தப்பித்துக் கிடந்த ஒருவரைக்கூட நாம் விட்டுவைக்கவில்லையே என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

மன்னியுங்கள், குரல் உயர்ந்துவிட்டது. கேட்க வந்தது ஒன்றுதான்: அவரை அடக்கம் செய்யுங்கள். இடம் தேடி அலைய வேண்டியதில்லை. அவருடைய படைப்பிரிவின் அதிகாரிகளுக்காக 1818-இல் எழுப்பிய ஹனோவர் நினைவுச்சின்னம் உங்கள் மேட்டிலிருந்து சற்றுத் தூரத்தில் நிற்கிறது. சுற்றியிருந்த மண்ணை எல்லாம் மேட்டுக்காக அள்ளியபோதும் அதன் அடிநிலத்தை மட்டும் தொடாமல் விட்டார்கள். அதிகாரிகளின் பெயர்கள் அதில் பொறித்திருக்கின்றன. பக்கத்தில் ஒரு சிப்பாய்க்கு இடம் கொடுப்பதால் யாருக்கும் குறைவு வந்துவிடாது. சட்டச் சிக்கல் ஏதும் இருந்தால் என்னவென்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அடுத்த ஜூன் 18-க்குள் இதைச் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்துபோன ஒருவர்