வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் எழுதும் நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோ ஒருவரையே வருடம் முழுக்க வாசிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் வாசிப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

இஷிகுரோ 1954இல் நாகசாகியில் பிறந்தவர். கடலியல் அறிஞரான அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் 1960இல் இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டுக்கு வந்தது. சீக்கிரம் ஊர் திரும்பிவிடுவோம் என்றே பெற்றோர் நினைத்திருந்தார்கள். ஜப்பானிலிருந்து மாதாமாதம் காமிக்ஸும் பத்திரிகைகளும் பார்சலில் வரும். அவற்றையும் சிறுவயது ஞாபகங்களையும் வைத்து மனசுக்குள் ஒரு ஜப்பானைக் கட்டிக்கொண்டார். அது மங்கிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்ற தவிப்பில் வந்தவைதான் முதல் இரண்டு நாவல்கள். 1989இல் புக்கர், 2017இல் நோபல் எல்லாம் நீங்கள் அறிந்ததே.

நாம் அதிகம் பேசியது, அவர் யாரிடமிருந்து என்ன கற்றார் என்பதை. 1983இல் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோது பிரெஞ்சு நாவலாசிரியர் புரூஸ்ட்டைப் படித்திருக்கிறார். காலவரிசையை விட்டுவிட்டு, ஒரு நினைவு இன்னொன்றைத் தொட்டு இழுக்கும் போக்கு அங்கே பிடிபட்டது. இரண்டாம் நாவலில் அதை அப்படியே காணலாம்.

'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே', ஒரு பட்லர், அதாவது பெரிய வீட்டின் தலைமைப் பணியாளர், தன் கதையைச் சொல்லும் நாவல். அதை இஷிகுரோ எழுதிய கதை இன்னும் ருசியானது. காலை 9 மணி முதல் இரவு 10.30 வரை, ஞாயிறு மட்டும் விடுமுறை, நான்கே வாரத்தில் முதல் வடிவம். எல்லாம் முடிந்ததாக நினைத்தபோது அமெரிக்கப் பாடகர் டாம் வெய்ட்ஸின் ஒரு பாட்டைக் கேட்டார். கரடுமுரடான குரலில் பாடுகிறவன் நெஞ்சு உடைகிறது என்று சொல்லும் இடத்தில், பட்லரும் ஒரு கணம் உடையட்டும் என்று முடிவை மாற்றிவிட்டார்.

அந்தப் பாட்டை நம் கூட்டத்தில் ஃபோனில் போட்டுக் கேட்டோம். அப்புறம் அந்தப் பக்கத்தைப் படித்தோம். ஓர் உறுப்பினர் விரல் வைத்துக் காட்டினார்: புத்தகம் முழுக்கச் சுற்றிவளைத்துப் பேசிய பட்லர், ஒத்துக்கொண்டால்தான் என்ன என்று தன்னையே கேட்டு, நெஞ்சு உடைந்ததைச் சொல்லிவிடுகிறார்; உடனே புன்னகையோடு மரியாதைப் பேச்சுக்குத் திரும்புகிறார். இந்த வருடம் எனக்கு மறக்காத கூட்டம் அதுதான்.

'தி அன்கன்சோல்ட்' நாவலைப் பலர் பாதியில் விட்டார்கள். ஐந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகத்துக்கு ஒரே மாதம் ஒதுக்கியது என் தவறு. 'நெவர் லெட் மீ கோ'வுக்கோ கூட்டம் இரவு வரை நீண்டது.

செகாவை இஷிகுரோ தம் ஆதர்சங்களில் ஒருவராகச் சொல்லியிருக்கிறார். ஆகவே அடுத்த ஆண்டு செகாவின் சிறுகதைகளை எடுத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிகிறேன். தமிழில் மொழிபெயர்ப்புகள் உண்டு. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

செயலாளர்