பேய்ப் படத்துக்காவது விளக்கை அணையுங்கள்: திரையரங்கு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திரையரங்கு உரிமையாளர்களுக்கு,

வணக்கம். டிக்கெட் விலை, பார்க்கிங் கட்டணம், பாப்கார்ன் விலை பற்றியெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியிருப்பார்கள். நான் கேட்க வந்தது காசு செலவில்லாத ஒன்று. இருட்டு.

போன மாதம் எங்கள் ஊர் மல்டிபிளெக்ஸ் ஒன்றில், புதிதாக வந்த ஒரு பேய்ப் படத்துக்கு இரவுக் காட்சி போயிருந்தேன். படம் ஆரம்பித்த பிறகும் இரண்டு பக்கச் சுவரிலும் சைடு லைட் எரிந்துகொண்டே இருந்தது. நாயகி மாடிப்படி ஏறுகிறாள். பின்னணி இசை சட்டென்று நிற்கிறது. மேலே ஏதோ நிற்கிறது. என்ன நிற்கிறது என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை. திரை முழுக்கச் சாம்பல் நிறம். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கதவு திறந்தது. கேன்டீன் தம்பி செல்போன் டார்ச்சை என் முகத்துக்கு நேராக அடித்து, "சார், சீஸ் பாப்கார்ன் நீங்களா?" என்றார். அரங்கமே சிரித்தது. இயக்குநர் எத்தனை நாள் யோசித்து வைத்த காட்சியோ, அதோடு முடிந்தது. தம்பியைக் குறை சொல்ல மாட்டேன், அவரை அந்த நேரத்தில் உள்ளே அனுப்பியவர்கள் வேறு.

இடைவேளையில் மேலாளரைப் பார்த்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரொம்ப இருட்டா இருந்தா ஃபேமிலியா வர்றவங்க பயப்படுறாங்க சார்" என்றார். பேய்ப் படம் பார்க்க வந்தவர்கள் பயந்துவிடக் கூடாது என்கிற அந்த அக்கறைக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய புரொஜெக்டராக இருந்தாலும் கறுப்பைத் திரையில் அடிக்க முடியாது. வெளிச்சம் விழாத இடம்தான் கறுப்பு. சுவர் விளக்கு அங்கே போய் விழுந்தால் கறுப்பு வெளுத்துவிடும். போதாததற்கு புரொஜெக்டருக்குள் எரியும் செனான் லாம்ப் பழசாகப் பழசாக மங்கிக்கொண்டே போகும். திரையில் 14 ஃபுட் லாம்பர்ட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது டிஜிட்டல் சினிமாவுக்கு வகுத்த அளவு. லாம்ப் மாற்றும் செலவைத் தள்ளிப்போடுகிறவர்கள் அதை எப்போது அளந்து பார்த்தார்களோ. குத்துப்பாட்டு ஓடும்போது இந்த மங்கல் தெரியாது. பேய்ப் படத்தில் பேயே காணாமல் போய்விடும்.

சத்தமும் அப்படித்தான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டால்பி பெட்டியில் 7இல் வைத்துக் கேட்பதற்காக மிக்ஸ் செய்த படத்தை 4இலோ 5இலோ ஓட்டுகிறீர்கள். அலறல் அப்போதும் கேட்கும். அதற்கு முன்னால் வருகிற தண்ணீர்ச் சொட்டும், கதவுக் கீலின் முனகலும், யாரோ மூச்சுவிடுவதும் போய்விடும். பயமே அவற்றில்தான் இருக்கிறது.

நான் சின்ன வயதிலிருந்தே பேய்ப் படப் பைத்தியம். 1985இல் வந்த 'யார்' படத்தை டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து பார்த்தவன். 1990இல் '13ஆம் நம்பர் வீடு' வந்தபோது, தனியாக உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தால் பரிசு என்று எங்கள் ஊரில் ஒரு புரளி. வாங்கியவரை இன்றுவரை நான் பார்த்ததில்லை. அந்தக் கொட்டகையில் ஸ்பீக்கர் கரகரக்கும், ரீல் அறுந்துபோகும், மூட்டைப்பூச்சி கடிக்கும். ஆனால் பொழுது சாய்ந்த பிறகுதான் ஆட்டமே தொடங்கும் என்பதால் இருட்டுக்கு மட்டும் குறையே இருந்ததில்லை. ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' 1963ஆம் வருடத்துப் படம். ஒளிப்பதிவாளர் வின்சென்ட் நிழலை வைத்தே எழுப்பிக் காட்டிய அந்தப் பாழடைந்த மாளிகையும், தொண்டு கிழவராக நம்பியார் வந்து நிற்பதும் இப்போது பார்த்தாலும் முதுகில் சில்லென்கிறது.

புதியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'ஈரம்' (2009) தண்ணீரைப் பார்த்தே பயப்பட வைத்தது. 'பீட்சா' (2012) படத்தில் விஜய் சேதுபதி கையில் ஒரு டார்ச்சோடு பங்களாவுக்குள் மாட்டிக்கொள்ளும் பகுதி இருக்கிறதே, அதன் பிறகு வந்த எத்தனையோ அரண்மனை கிராஃபிக்ஸ் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. அந்த டார்ச் வெளிச்சத்துக்குள் எது வரும் என்பதுதான் அங்கே பயமே. 2024இல் மலையாளத்தில் மம்மூட்டி நடித்த 'பிரம்மயுகம்' முழுக்க முழுக்கக் கறுப்பு வெள்ளை. இந்தப் படங்களை எடுத்தவர்கள் எல்லோரும் உங்கள் அரங்கில் இருட்டு இருக்கும் என்று நம்பி எடுத்தார்கள்.

சினிமாக்காரர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. 'காஞ்சனா' (2011) ஓடு ஓடென்று ஓடியதிலிருந்து, பேய் வருவதற்கு முன் நாலு காமெடியன்களை அனுப்பி வைக்கிறார்கள். அப்புறம் ஃப்ளாஷ்பேக், அதில் ஒரு நிலத் தகராறு. பேய் பழிவாங்கி முடிப்பதற்குள் பட்டா, சிட்டா எல்லாம் நாம் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. இருட்டு மூலையில் ஓர் உருவம் சுருட்டைப் பற்றவைத்தால், உடனே திரையின் அடியில் பளிச்சென்ற வெள்ளை எழுத்தில் புகையிலை எச்சரிக்கை. செத்துப்போனவரின் நுரையீரல் மீதும் அரசாங்கத்துக்கு அவ்வளவு அக்கறை. இடைவேளையே இல்லாத ஆங்கிலப் பேய்ப் படத்தை நடு வசனத்தில் வெட்டி சமோசா விற்பது வேறு கதை.

சரி, காமெடியனும் எச்சரிக்கையும் உங்கள் கையில் இல்லை. சுவர் விளக்கின் ஸ்விட்ச் உங்கள் கையில்தான் இருக்கிறது.

வெளியேறும் வழி காட்டும் பலகையும் படிக்கட்டு விளக்கும் எரியட்டும். அது பாதுகாப்பு, அதில் கைவைக்கச் சொல்ல மாட்டேன். சைடு லைட்டை அணையுங்கள். கேன்டீன் பக்கக் கதவுக்கு ஒரு கனத்த திரைச்சீலை போடுங்கள். பாப்கார்னைப் படத்துக்கு முன்போ இடைவேளையிலோ கொடுத்துவிடுங்கள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஒருவர் வந்தால், கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். எல்லாக் காட்சிக்கும் முடியாதென்றால் இரவுக் காட்சிக்கு மட்டுமாவது செய்யுங்கள். 'இந்தக் காட்சியில் விளக்குகள் முழுதாக அணைக்கப்படும்' என்று டிக்கெட் கவுன்டரில் ஒரு அட்டையும் மாட்டிவிடுங்கள். குடும்பத்தோடு பயப்படாமல் பேய்ப் படம் பார்க்க விரும்புகிறவர்கள் மேட்னிக்குப் போய்க்கொள்ளட்டும்.

தயவுசெய்து இருட்டைக் கொடுங்கள். டிக்கெட்டுக்கு நீங்கள் கேட்கும் விலையைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்படிக்கு,
பயப்படுவதற்காகவே படத்துக்கு வரும் ஒரு பழைய ரசிகன்