யூனிட் கணக்கை மறைத்ததும் சொல்லாமல் நின்றுபோனதும்: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு

வணக்கம்.

மண்டபத்தில் நண்டு கொள்முதல் செய்கிறோம். அலுவலகத்தில் நான்கு பேர்; புரோகிராம் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை. கரையில் எடை போட்டதும் பையன் கூகுள் ஃபார்மில் படகு எண், கிலோ, விலையைப் போடுவான். ஷீட்டில் ஏறும் வரியை எடுத்து, தொகை போட்டு, போன் நம்பர் தேடி, வாட்ஸ்அப்பில் எடைச் சீட்டு அனுப்பி, 'அனுப்பியாச்சு' என்று குறிக்க வேண்டும். ஐந்து படிகள், அவ்வளவுதான்.

இந்தப் படிகளைத் தானாகச் செய்துவிடும் டூல்கள் மூன்றை, உங்களுடையதையும் சேர்த்து, மே மாதம் பார்த்தோம். கட்டணக் கணக்கில், என்8என்-இல் எத்தனை படி இருந்தாலும் முழு ஓட்டத்துக்கு ஒரு எண்ணிக்கை. ஜேப்பியரில் செய்து முடித்த படிக்கு ஒரு டாஸ்க். உங்கள் பிரதிநிதி தமிழில் பொறுமையாகப் பேசினார். படிக்கு ஒரு யூனிட் என்றார். அந்த நம்பிக்கையில் உங்களிடம் வந்தோம். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஓடவில்லை, ஜூன் 14-க்குப் பிறகு வரத்து இரட்டிப்பாகும் என்று அப்போதே சொன்னோம். நாளைக்கு 60 சீட்டு, 300 யூனிட், மாதம் 9,000. 10,000 யூனிட் திட்டம் தாராளம் என்றார். ஓராண்டுப் பணம் கட்டினோம்.

ஷீட்டில் புது வரி இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பதற்கும் யூனிட் கழியும் என்று யாரும் சொல்லவில்லை. நாளைக்கு 1,440! சோதனைக் காலத்தில் யூனிட் வரம்பே இல்லாததால் அது கண்ணில் படவும் இல்லை. ஜூலை 1-இல் தொடங்கிய கணக்கு 6-ஆம் தேதி மாலையே தீர்ந்தது. மெயில் வரவில்லை. திரையில் 'இயங்குகிறது' என்ற பச்சை விளக்கு மட்டும் அப்படியே எரிந்தது.

8-ஆம் தேதி காலை பாம்பன் அக்கா ஒருவர் போனை நீட்டினார். "நேத்துச் சீட்டு வரலையே தம்பி, எடையை மாத்திட்டீங்களா?" அவர் கையில் 6 கிலோ 300 என்று பேனாவில் எழுதிய தாள். எங்கள் ஷீட்டிலும் அதே எடைதான். ஆனால் பல வருடமாக எங்களிடமே நண்டு போடுகிறவர் அப்படிக் கேட்டுவிட்டார்.

கூடுதல் யூனிட் வாங்கினோம். அப்புறம் தேங்கிய 58 சீட்டும் இரண்டு முறை போய், இரட்டைப் பணம் கேட்டு ஆட்கள் வந்தார்கள்.

மீதி மாதங்களுக்கான பணத்தையும் கூடுதல் யூனிட்டுக்கான தொகையையும் திருப்பித் தாருங்கள். ஜூலை 1 முதல் 8 வரையிலான ஓட்டப் பதிவையும் முழுமையாக அனுப்புங்கள். எந்தச் சீட்டு இரண்டு முறை போனது என்று ஒவ்வொரு படகுக்காரரிடமும் நாங்கள் காட்டியாக வேண்டும்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு,
நண்டு கொள்முதல் நிலையம், மண்டபம்