கிளாம்பாக்கம் விவாதமும் நம் பிள்ளைகள் கடக்கும் சாலையும்

24 ஜூன் 2024

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தைக் கூட்டியது பாடநூல், சீருடை, சத்துணவுக் கூடத்தின் கூரை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்காக. அவற்றுக்குப் பத்து நிமிடம்கூட மிஞ்சவில்லை. மீதி நேரம் முழுவதையும், தெற்கே செல்லும் பேருந்துகளைக் கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு மாற்றியது சரியா தவறா என்ற விவாதம் எடுத்துக்கொண்டது. குரல்கள் உயர்ந்தன. இரண்டு பேர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். நான் அன்று அதிகம் பேசவில்லை. அந்தச் சூட்டில் எதைச் சொன்னாலும் யாரோ ஒரு பக்கத்துக்குச் சார்பாகவே காதில் விழும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு வராதவர்களுக்கு முதலில் ஒரு செய்தி. அதற்கு மூன்று நாள் முன்பு எட்டாம் வகுப்பில் இரண்டு மாணவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒருவனின் சட்டைப் பை கிழிந்து தொங்கியது. அறைக்கு அழைத்து விசாரித்தேன். ஒருவனுடைய அப்பா கோயம்பேட்டில் பயணிகளின் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். பேருந்துகள் இடம் மாறியதிலிருந்து அவருக்கு நிலையான வேலை இல்லை. இன்னொருவனுடைய அம்மா ஜனவரியில் முனையத்துக்கு அருகே இட்லிக் கடை போட்டிருக்கிறார். நான்கு மாதக் கடனை அதில் அடைத்திருக்கிறார்கள். ஒருவன் அந்தக் கட்டடத்தைச் சபித்திருக்கிறான், மற்றவனுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பேரும் சொன்னதை உட்கார்ந்து முழுவதுமாகக் கேட்டேன். யார் சொன்னதிலும் பொய் இல்லை. வீட்டில் நீங்கள் பேசுவதைத்தான் அவர்கள் பள்ளிக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

பிள்ளைகள் காதில் விழும்படி இதைப் பேசும் நாம், நடந்தது என்ன என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

வெளியூர்ப் பேருந்துகள் இடம் மாறுவது சென்னைக்குப் புதிதல்ல. நான் கல்லூரியில் படித்த காலத்தில் ஊருக்குப் போக பாரிமுனைக்குத்தான் போக வேண்டும். பிராட்வே நிலையத்தில் மூச்சு முட்டும் நெரிசல். 2002 நவம்பரில் கோயம்பேடு நிலையம் திறந்தபோது, ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் என்று அலுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. பிறகு அதைச் சுற்றி நகரமே வளர்ந்துவிட்டது. 2018-இல் ஆந்திரப் பேருந்துகள் மாதவரத்துக்குப் போயின. தெற்கே செல்லும் பேருந்துகளுக்காகக் கிளாம்பாக்கத்தில் 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2023 டிசம்பர் 30 அன்று கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறக்கப்பட்டது. கோயம்பேடு சுமார் 37 ஏக்கர், இது சுமார் 88 ஏக்கர். செலவு ஏறத்தாழ 400 கோடி ரூபாய். அடிக்கல் நாட்டியபோது முதலமைச்சராக இருந்தவர் எடப்பாடி பழனிசாமி, திறந்து வைத்தவர் மு.க. ஸ்டாலின். எனவே இதைக் கட்சி விவகாரமாக்கிச் சண்டை போடுபவர்கள், இரண்டு பக்கத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கட்டடத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோடை விடுமுறையில் விழுப்புரம் போவதற்காக அங்கே சென்றிருந்தேன். தரை சுத்தமாக இருந்தது. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் படுத்து ஓய்வெடுக்க இடம் இருந்தது. முதியவர்களை மாநகரப் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து வெளியூர்ப் பேருந்து நிற்கும் இடத்துக்கு மின்கல வண்டியில் அழைத்துப் போனார்கள். பிராட்வேயில் இரவு முழுவதும் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த என் தலைமுறைக்கு அது சின்ன விஷயம் அல்ல. பெருங்களத்தூரிலிருந்து கோயம்பேடு வரை பெரிய பேருந்துகள் ஊர்ந்து சென்ற நெரிசல் குறைந்திருப்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் எதிர்ப்பவர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியவில்லை. வடசென்னையில் இருப்பவர் தெற்கே போக வேண்டுமென்றால், கோயம்பேட்டுக்குப் போன அதே பயணத்தோடு இன்னும் முப்பது கிலோமீட்டர் சேர்ந்துகொள்கிறது. கைக்குழந்தையும் பையுமாக நள்ளிரவில் வந்து இறங்குகிறவருக்கு, ஊரிலிருந்து வந்த டிக்கெட்டைவிட வீட்டுக்குப் போகும் ஆட்டோ அதிகமாகக் கேட்கிறது. பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு, ஊருக்குப் போகப் பேருந்து கிடைக்காத பயணிகள் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டதை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். தனியார் ஆம்னி பேருந்துகள் எங்கே பயணிகளை ஏற்ற வேண்டும் என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

சனிக்கிழமை ஒரு தந்தை சொன்னார்: ‘எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். கோயம்பேடும் அப்படித்தான் இருந்தது.’ அன்று கூட்டம் இந்த வாதத்தோடு அமைதியாகிவிட்டது. அந்த வாதத்தைத்தான் நான் ஏற்கவில்லை.

கோயம்பேடு பேருந்து நிலையம் திறந்தது 2002 நவம்பர் 18. அதன் வாசலுக்கு மெட்ரோ ரயில் வந்தது 2015 ஜூன் 29. இடையில் பன்னிரண்டரை ஆண்டுகள். 2002 ஜூனில் நான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்ட பிள்ளைகள் எழுத்துக் கூட்டப் படித்து, சைக்கிள் ஓட்டப் பழகி, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதி, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகே மெட்ரோ வந்தது. ஒரு குழந்தையின் பள்ளிக் காலம் முழுவதையும் விழுங்கிய காத்திருப்பை நாம் ‘போகப் போக’ என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம். இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் நம் குழந்தைகளுக்கும் அதே கணக்கைச் சொல்ல எனக்கு மனமில்லை.

இங்கே ரயில் பாதை இல்லாமல் இல்லை. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே, முனையத்துக்கு எதிரிலேயே மின்சார ரயில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே நிறுத்தம் இல்லை என்பதுதான் குறை. முனையம் ஒரு பக்கம், தண்டவாளம் மறுபக்கம், நடுவில் ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் தேசிய நெடுஞ்சாலை. புதிய ரயில் நிலையத்துக்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) 20 கோடி ரூபாய் கொடுத்திருக்கிறது, வேலை நடந்துகொண்டிருக்கிறது. நிலையத்தையும் முனையத்தையும் இணைக்க ஏறத்தாழ 400 மீட்டருக்கு ஆகாய நடைபாலம் என்கிறார்கள். விமான நிலையத்தோடு நின்றுபோன மெட்ரோவை இங்கே நீட்டிப்பது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. அடிக்கல்லுக்கும் திறப்பு விழாவுக்கும் இடையில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இருந்தன. அந்த இடம் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் உள்ள பகுதி என்பதால் தொல்லியல் துறையின் அனுமதிக்காகவும் திட்டம் காத்திருந்தது. வரலாற்று ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில் அந்தக் காத்திருப்பை நான் மதிக்கிறேன். முன்னோர் புதைந்த மண்ணுக்கு அவ்வளவு பொறுமை காட்ட முடிந்தது. அதே நாட்களில் உயிரோடு இருப்பவர்கள் ரயிலிலிருந்து இறங்கிப் பேருந்துக்கு நடந்து போகும் வழியையும் சேர்த்துக் கட்டியிருக்க முடியும்.

இனி நம் பிள்ளைகளுக்கு வருகிறேன்.

பள்ளி திறந்த ஜூன் 10 அன்று மாலை, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியோடு நடந்து போனேன். திண்டிவனத்திலிருந்து வரும் பாட்டியை முனையத்திலிருந்து அழைத்துவருவது அவளுடைய பொறுப்பு. அம்மா வேலை முடிந்து வர இரவு எட்டு மணி ஆகும். முறையாகக் கடக்கும் இடத்துக்குப் போவாள் என்று எண்ணியிருந்தேன். அவள் நேராக நடுத்திட்டின் இரும்புத் தடுப்பு வளைந்திருக்கும் ஓர் இடத்துக்கு என்னை அழைத்துப் போனாள். அங்கே இரண்டு கம்பிகளை யாரோ விலக்கி வைத்திருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் தூசியும் துருவுமாக இருக்க, அந்த வளைவு மட்டும் கை பட்டுக் கை பட்டுப் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பு என் இடுப்பு உயரத்தில் ஒன்றும், அதற்கு ஒரு சாண் கீழே இன்னொன்றும் இருந்தது. கீழே இருந்தது பிள்ளைகளின் கை பட்டது. ‘இங்கேதான் டீச்சர், எல்லாரும் இப்படித்தான்’ என்று சொல்லிவிட்டுப் புத்தகப் பையை மார்புப் பக்கம் மாற்றிக்கொண்டு குனிந்து நுழைந்துவிட்டாள். பை முதுகில் இருந்தால் கம்பியில் மாட்டிக்கொள்ளும் என்று அனுபவத்தில் கற்றிருக்கிறாள். அந்தப் பக்கம் வண்டிகள் வேகம் குறையாமல் வந்துகொண்டிருந்தன. நான் அவள் கையைப் பிடித்த பிடியில் அவளுக்கு வலித்திருக்கும்.

திரும்பி வரும்போது பாட்டியும் அதே வளைவு வழியாகத்தான் வந்தார். அரிசி மூட்டையை முதலில் தள்ளிவிட்டு, புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். முறையாகக் கடக்கும் இடத்துக்குப் போய் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று மறுநாள் நான் தனியாக நடந்து பார்த்தேன். வெயிலில், கைச்சுமை இல்லாமல், இருபத்து மூன்று நிமிடம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பாட்டியைக் கண்டிக்க என்னால் முடியவில்லை.

அந்த வளைவை அடைக்கவும், பள்ளி விடும் நேரத்தில் ஒரு காவலரை நிறுத்தவும் கோரி, பொறுப்பான அலுவலகத்தில் சென்ற மார்ச்சிலேயே மனு கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டு வந்தது. மறுபடியும் கொடுத்திருக்கிறோம். ஒன்று சொல்ல வேண்டும்: கடக்க வழி செய்யாமல் வளைவை மட்டும் அடைத்தால் பத்தடி தள்ளி இன்னொரு வளைவு முளைக்கும். இரண்டையும் சேர்த்தே கேட்டிருக்கிறோம்.

அதுவரை நாம் செய்யக்கூடியதைச் செய்வோம். வரும் திங்கட்கிழமை முதல், சாலையைக் கடக்க வேண்டிய பிள்ளைகள் மாலையில் தனித்தனியாகப் போக வேண்டாம். நான்கேகால் மணிக்கு வாயிலில் ஒன்றாக நிற்பார்கள், இரண்டு ஆசிரியர்கள் உடன் வருவார்கள். அவர்களோடு தினமும் இரண்டு பெற்றோர் வந்தால் வரிசையின் முன்னும் பின்னும் ஆள் இருக்கும். வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் சொல்லுங்கள். தொடர் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளில் இந்தச் சாலை எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த நாட்களில் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளைப் பெரியவர் யாராவது வந்து அழைத்துப் போகும் வரை பள்ளியிலேயே வைத்துக்கொள்வோம். தாமதமானால் பதற வேண்டாம், நான் இருப்பேன்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் கொண்டுபோக வேண்டும் என்பது பள்ளி மேலாண்மைக் குழுவின் முடிவு. முனையம் இங்கே வந்தது சரியா தவறா என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. ரயில் நிலையம் திறக்கும் நாளிலேயே நடைபாலமும் திறக்க வேண்டும், ஒன்றை மட்டும் திறந்துவிட்டு மற்றதைத் தள்ளிப்போடக் கூடாது என்று கேட்கிறோம். ரயிலிலிருந்து இறங்கும் கூட்டமும் அந்த இரும்பு வளைவு வழியாகவே வரத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது. நடைபாலத்தில் மின்தூக்கி இருக்க வேண்டும், நம் பக்கத்தில் இறங்கும் படிக்கட்டும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறோம். பேருந்துப் பயணிகளை மட்டும் மனத்தில் வைத்துக் கட்டிவிட்டால், பக்கத்தில் குடியிருப்பவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு கீழேதான் கடக்க வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை எழுந்து போன இரண்டு பேரையும் இந்தத் தீர்மானத்தை வாசித்துப் பார்க்க அழைக்கிறேன். நீங்கள் இருவரும் எதிரெதிராகப் பேசினீர்கள், ஆனால் இருவரின் மகள்களும் அந்தச் சாலையை ஒரே இடத்தில்தான் கடக்கிறார்கள்.

தீர்மானத்தின் நகலும், மாலை நேரத் துணைக்கு வருவதற்கான ஒப்புதல் படிவமும் இந்தக் கடிதத்தோடு இருக்கின்றன. எந்த நாள் வர முடியும் என்று குறித்து, கையெழுத்திட்டு, வியாழக்கிழமைக்குள் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்கள் பள்ளி அலுவலகத்துக்கு வந்து வாய்மொழியாகச் சொன்னால் போதும், நான் எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்