முதியவர் மெலிவதற்கு வயது மட்டும் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் வயதானவர் இளைத்துக்கொண்டே போனால், வயதாகிவிட்டது என்று சொல்லி விட்டுவிடுகிறோம். கடலூர் முதுநகரில் வசிக்கும் என் பெரியப்பாவை நாங்களும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் விட்டிருந்தோம். 72 வயதான அவர் பசியில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. வஞ்சிரம் மீன் குழம்பு வைத்தால் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். ஆயினும் உடல் மெலிந்தது, நாளுக்கு நான்கைந்து முறை, எண்ணெய்ப் பிசுக்கோடு நீரில் மிதக்கும் மலம் கழிந்தது, பாதங்கள் மரத்துப்போயின. சர்க்கரை நோய் இல்லாதவருக்குப் பாதம் ஏன் மரத்துப்போக வேண்டும் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுத்ததோடு சரி.

வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் செய்த எண்டோஸ்கோபி பரிசோதனைகளில் குறை ஒன்றும் தெரியவில்லை. அவற்றுக்கு இடையே சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலின் பெரும்பகுதியை அக்கருவிகள் எட்டுவதில்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. ரத்தத்தில் வைட்டமின் பி12 மிகக் குறைந்தும் ஃபோலேட் (பி9 வைட்டமின்) கூடியும் இருப்பதைக் கண்டு, கோளாறு சிறுகுடலில் இருக்கலாம் என்று ஐயுற்றவர் புதுச்சேரி மருத்துவர் ஒருவர். பிறகு எடுத்த சி.டி. ஸ்கேனில் சிறுகுடலின் நடுப்பகுதியில் சிறிதும் பெரிதுமாகப் பல பைகள் தெரிந்தன. ‘ஜெஜுனல் டைவர்டிகுலோசிஸ்’ என்பது இதன் மருத்துவப் பெயர்.

ரத்தக்குழாய்கள் குடல் சுவரைத் துளைத்து உள்ளே செல்லும் வலுக்குறைந்த இடங்களில், உட்படலம் தசையைத் தாண்டிப் பிதுங்குவதால் இப்பைகள் உண்டாகின்றன. பெரும்பாலும் முதுமையில் காணப்படுபவை. பலருக்கு எந்தத் தொல்லையும் தராதவை. சிலருக்கு மட்டும் பைக்குள் உணவு தேங்கி, கிருமிகள் பெருகிவிடுகின்றன. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்புகளை அக்கிருமிகள் சிதைப்பதால் கொழுப்பும், அதோடு ஏ, டி போன்ற வைட்டமின்களும் உடலில் சேராமல் மலத்தோடு வெளியேறுகின்றன. பி12-ஐக் கிருமிகளே உண்டுவிட்டு, ஃபோலேட்டைத் தாங்களே உற்பத்தி செய்கின்றன. நம் பக்கத்தில் பழைய மருத்துவர்கள் நன்கறிந்த, உணவுச் சத்துகளைச் சிறுகுடல் சரியாக உறிஞ்சாத வெப்பமண்டல ஸ்ப்ரூ நோயில் ஃபோலேட்டும் சேர்ந்து குறைவதே வழக்கம் என்பதால், இந்த முரண்பாடு ஒரு நல்ல தடயம் என்றார் அம்மருத்துவர்.

சுழற்சி முறையில் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளும் பி12 ஊசியும் கொடுத்தபின் பெரியப்பாவின் எடை கூடத் தொடங்கியது. பைகள் அங்கேயே இருப்பதால் தொல்லை திரும்பவும் வரலாம். குடல் கிழிதல், ரத்தக்கசிவு, அடைப்பு போன்றவை நேர்ந்தால்தான் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படுமாம்.

அரிய நோய்தான், மறுக்கவில்லை. எனினும், நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்து, நாள்பட்ட வயிற்றுப்போக்கோடு வரும் முதியவருக்குப் பி12 அளவையாவது பார்க்கும் வழக்கம் நம் மாவட்ட மருத்துவமனைகளில் வர வேண்டும்; தங்கள் மருத்துவப் பக்கமும் இதைப் பற்றி எழுத வேண்டும். பி12 குறைவால் நரம்புக்கு நேரும் பாதிப்பு நாள்பட்டுவிட்டால் முழுவதும் சீராவதில்லை. வலது காலில் செருப்பு கழன்று விழுந்தாலும், பெரியப்பா இன்றும் குனிந்து பார்த்தே தெரிந்துகொள்கிறார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.